கிட்டே என்றால் எவ்வளவு கிட்டே

ஃபீபிக்குப் பொறுமை கிடையாது. பிறவியிலேயே கிடையாது. பஸ் சிக்னலில் நின்றால் டிரைவரைத் திட்டுவாள், பால் பொங்க நேரமானால் அடுப்பைத் திட்டுவாள். அப்படிப்பட்டவள் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் சொன்ன திருத்தத்தையெல்லாம் நாலு மாதமாகச் செய்துகொண்டிருந்தாள். இங்கே ஒரு வரி தள்ளு, அங்கே ஒரு பெயரை மாற்று என்று எழுதுவார்கள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு "நன்றி, மாற்றிவிட்டேன்" என்று பதில் போடுவாள்.

விஷயம் இதுதான். லினக்ஸ் என்கிற மென்பொருளின் நடுவயிற்றுக்குக் கெர்னல் என்று பெயர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதி அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உட்கார்ந்திருப்பார், அவர் தலையாட்டினால்தான் உள்ளே போகும். பேச்சுவார்த்தை எல்லாம் மெயிலில், ஊரறிய நடக்கும். ஃபீபி அனுப்பியது ஒரு சின்ன சென்சாருக்கான டிரைவர், அதாவது சென்சார் பார்த்ததைக் கெர்னலுக்குப் புரியவைக்கிற நிரல். எதிரே ஏதாவது கிட்டே வந்தால் கண்டுபிடித்துச் சொல்கிற சென்சார்.

ஆம்பூர் பைபாஸ் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில், தன்சீல் அகமதுவின் கம்பெனி. மொத்தமே ஐந்து பேர். ஷூ ஃபேக்டரிகளில் தோல் வெட்டுகிற பிரஸ் இருக்கிறதே, அதற்குக் கைக்காவல் பெட்டி செய்கிறார்கள். பிரஸ்ஸை இறக்க இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்க வேண்டும் என்பது விதி. கை இரண்டும் பட்டனில் இருந்தால் பிரஸ்ஸுக்கு அடியில் மாட்டாது அல்லவா? நம்மவர்கள் விடுவார்களா! ஒரு பட்டனை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, ஒற்றைக் கையால் பட்டனை அமுக்கி, மற்றக் கையால் தோலை நகர்த்துவார்கள். வேலை வேகமாக ஓடும். விரலும் சில சமயம் போகும். அதனால்தான் சென்சார். கை அடியில் இருந்தால், எத்தனை பட்டனை அமுக்கினாலும் பிரஸ் இறங்காது.

சிப் செய்த கம்பெனி கொடுத்த டிரைவர் ஒன்று இருந்தது. கெர்னல் ஒரு படி மேலே போனால் அது படுத்துவிடும். அப்டேட் வந்த நாளெல்லாம் ஒப்பாரிதான். "நம்ம டிரைவர் கெர்னலுக்குள்ளயே போய்ட்டா இந்தப் பேஜாரே இல்ல" என்று ஃபீபிதான் தன்சீலிடம் வாய் கொடுத்தாள். அந்த வாய்க்கு நாலு மாதம் தண்டனை.

ஒரு வியாழக்கிழமை மதியம் பொறுப்பாளர் ஹென்ரிக்கின் மெயில் வந்தது. ஐரோப்பாவின் வடக்கு மூலையில் இருக்கிற மனிதர். "இந்தச் சிப் பொருத்திய சோதனை போர்டு என்னிடமும் இருக்கிறது. கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், விளக்கு எரிகிறது. நல்ல வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை சேர்த்துவிடுகிறேன்."

ஃபீபி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். பக்கத்து மேசை அம்பரீன் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தன்சீல் அகமது உடனே ஆளனுப்பி மக்கன் பேடா வாங்கிவரச் சொன்னார். "எங்க கம்பெனி பேரு கெர்னல்ல வருது" என்று மச்சானுக்கு ஒரு போன், மாமனாருக்கு ஒரு போன். சனிக்கிழமை வாணியம்பாடி ரோட்டு ஷூ ஃபேக்டரி ஒன்றில் பெட்டியை மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டியது, அதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

*

அந்த ஃபேக்டரியில் கட்டிங் செக்ஷனில் வேலை செய்கிறவன் நெல்வின். ஃபீபியின் புருஷன். இன்ஜினியர் பெண் கட்டிங் மாஸ்டரைக் கட்டிக்கொண்டதில் இவள் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம்தான். இவளுக்கு இல்லை. சோதனைக்கு யார் மிஷினில் நிற்பது என்று சூப்பர்வைசர் பெருமாள் கேட்டதும் நெல்வின் முதலில் கையைத் தூக்கினான். "என் வூட்டம்மா பண்ணது, நான்தான் ஓட்டுவேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் ஓ என்று கத்தினார்கள்.

முதலில் பழுப்புத் தோல். ஒரு பட்டனில் வழக்கம்போல ரப்பர் பேண்டு. நெல்வின் கையை உள்ளே நீட்டினான், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினான், பிரஸ் அசையவில்லை. கையை எடுத்தான், பச்சை. அமுக்கினான், பிரஸ் இறங்கி ஷூவின் மேல்தோலை அழகாக வெட்டியது. பெருமாள் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்து, "சூப்பர்மா" என்றார். ஃபீபிக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு கறுப்புத் தோல் லாட் வந்தது.

கறுப்புத் தோல் கையில் ஒட்டும். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நாலு நாள் நிற்கும். சனிக்கிழமை கறுப்பு வெட்டினவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்துக்குக் கையை நீட்டினால் சபை ஐயர் முதல் கோயில்பிள்ளை வரை பார்ப்பார்கள். "பன்னி மேய்ச்சுட்டு வந்த மாதிரி கைய நீட்டாத, மானம் போவுது" என்று ஃபீபியே அவனை எத்தனையோ முறை வைதிருக்கிறாள். அதற்காகவே அந்த செக்ஷனில் ஒரு வழக்கம். அதே லாட்டில் விழுந்த கழிவுத் தோலில் விரலுக்கு விரல் தொப்பி தைத்து மாட்டிக்கொள்வார்கள். நெல்வினும் சட்டைப் பையிலிருந்து கறுப்புத் தொப்பிகளை எடுத்து இடது கையின் ஐந்து விரலிலும் மாட்டினான். பெண்டாட்டி பார்க்கிறாள் என்று ஒரு பெருமை வேறு.

கறுப்புத் தோலை விரித்து, அச்சை வைத்து, இடது கையால் அதை நகர்த்திக்கொண்டே வலது கையைப் பட்டனுக்குக் கொண்டுபோனான். ஃபீபியின் கண் பெட்டியில் இருந்தது. கை உள்ளே இருக்கிறது. விளக்கு பச்சை.

"எட்றா கைய!"

ஃபேக்டரியே திரும்பிப் பார்த்தது. நெல்வின் வெடுக்கென்று இரண்டு கையையும் மார்போடு ஒட்டிக்கொண்டான். பிரஸ் இறங்கவில்லை, பட்டனை அவன் இன்னும் தொடவில்லை. ஒரு விரற்கடை தூரம்தான் பாக்கி.

"இன்னா நெல்வினு, வூட்லயும் இப்டி 'டா' போட்டுத்தானா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நெல்வினும் வெட்கத்தோடு சிரித்தான். ஃபீபி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த தோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இவள் வாய்க்குப் பயந்து மாட்டிய தொப்பி, இவள் எழுதிய டிரைவர். இரண்டும் சேர்ந்து அவன் விரலை எடுத்திருக்கும்.

*

அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். சென்சார் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை ஓர் எண்ணாக அளக்கிறது. வெறும் பழுப்புத் தோலுக்கு இருநூறு, அதன்மேல் கை வந்தால் தொள்ளாயிரம். டிரைவர் என்ன செய்கிறது? ஐந்நூறு என்று ஒரு எல்லை போட்டு, அதற்கு மேல் போனால் 'கிட்டே', கீழே இருந்தால் 'தூரம்' என்று இரண்டே வார்த்தையில் சொல்கிறது. எண்ணை வெளியே விடுவதே இல்லை. கறுப்புத் தோலோ ஒளியைக் குடித்துவிடுகிறது. வெறும் கறுப்புக்கு இருபது, கறுப்புத் தொப்பி போட்ட கைக்கு நூற்றுப்பத்து. ஐந்நூறு எங்கே, நூற்றுப்பத்து எங்கே!

எல்லையை எண்பதுக்கு இறக்கினால்? அப்போது பழுப்புத் தோல் வெறுமனே கிடந்தாலே 'கிட்டே' என்று கத்தும். பிரஸ் இறங்கவே இறங்காது. அரை மணி நேரத்தில் யாராவது சென்சார் மேல் டேப்பை ஒட்டிவிடுவார்கள், கேட்டால் நான் இல்லை என்பார்கள்.

ஆனால் எண் வெளியே வந்தால் வழி இருக்கிறது. லாட் மாறும்போது வெறும் தோலை விரித்து ஒருமுறை அளந்துகொள்ள வேண்டியது. அதற்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் கைதான். இருபது நூற்றுப்பத்தாக ஏறினால் பெட்டி பிடித்துக்கொள்ளும். ஆக, எது கிட்டே என்று டிரைவர் தீர்மானிக்கக் கூடாது. அளந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவள் செய்த முதல் காரியம், ஏற்றுக்கொள்ளப்பட்ட தன் டிரைவரைத் தானே திரும்பப் பெற்றதுதான். "தயவுசெய்து சேர்க்க வேண்டாம். இது தவறான வடிவம். சுவிட்ச் போல அல்ல, அளவுகோல் போல எழுதி அனுப்புகிறேன்."

தன்சீல் அகமது தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னாம்மா ஃபீபி! பேடா சாப்ட்ட வாய் இன்னும் காயல. அவனே சேர்த்துக்கறேன்றான், நீ வேணான்றியே!"

"சார், அது விரலை எடுத்துடும் சார்."

"எல்லையக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா."

"எந்தப் பக்கம் அட்ஜஸ்ட் பண்ணாலும் ஒரு கலர் மாட்டும் சார். என் புருஷன் கைய வெச்சு நான் அட்ஜஸ்ட் பண்ண மாட்டேன்."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஃபேக்டரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாரு. அதுக்குள்ள அந்தாளு உன் புதுசை ஒத்துக்கினா சரி. இல்லன்னா அவன் ஒத்துக்கின உன் மொதல் டிரைவரையே மாட்டி அனுப்பிடுவேன், கெர்னலுக்கு வெளிய நிக்கற டிரைவரு மறுபடி வேணாம். கறுப்பு லாட்டுக்குத் தொப்பி போடாதன்னு போர்டு எழுதி ஒட்டிக்கலாம்."

போர்டாம்! இரண்டு பட்டனையும் அமுக்கு என்று எழுதியிருக்கிற போர்டுக்கு அடியிலேயே ரப்பர் பேண்டு கட்டுகிற ஊரில் போர்டு.

*

புது டிரைவரை ஃபீபி அன்று மாலையே அனுப்பினாள். செவ்வாய் மதியம் ஹென்ரிக் பதில் எழுதினார். மரியாதையாகத்தான் எழுதினார், அதுதான் இன்னும் எரிச்சல். "எளிய சென்சாருக்கு எளிய பதில் போதும். ஃபோனிலும் இதே வகை சென்சார்தான்; காதில் வைத்தால் திரை அணைய வேண்டும், அவ்வளவே. உங்கள் எண்ணுக்கு அலகு கூட இல்லை. அது சென்டிமீட்டரா, மில்லிமீட்டரா? பொருள் இல்லாத எண்ணைக் கொடுத்து மக்களை ஏன் குழப்ப வேண்டும்? எல்லையைச் சர்க்யூட் போர்டு செய்கிறவர் முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். உங்கள் முதல் வடிவமே சரி."

ஃபோன் கம்பெனி ஆள் ஒருவர் "ஆமோதிக்கிறேன்" என்றார். இன்னொருவரும் ஆமோதித்தார். ஃபீபி பக்கம் ஃபீபி மட்டும்.

அவள் எழுதிய பதிலை அனுப்புமுன் அம்பரீன் எட்டிப் பார்த்தாள். "ஏய், இன்னாடீ இது? 'உங்கள் விரல் என்றால் இப்படிப் பேசுவீர்களா'வா? காரத்தக் கம்மி பண்ணு. சண்டைக்கா போற?"

"சண்டைக்குத்தான் போறேன்."

"போ. ஆனா ஜெயிக்கணும்ல?"

காரத்தைக் குறைத்து எழுதினாள். "போர்டு செய்கிறவள் நான்தான். எங்கள் ஊரில் ஒரே ஷிப்டில் மூன்று நிறம் மாறும். எந்த எல்லையை எழுதிவைப்பது என்று எனக்கே தெரியாது. எண்ணுக்கு அலகு இல்லைதான். ஆனால் முந்தைய எண்ணைவிட இது ஜாஸ்தியா கம்மியா என்று தெரிகிறது, ஒரு விரலைக் காப்பாற்ற அது போதும். ஃபோன்காரர்களுக்கு வேண்டுமானால் எண்ணுக்குப் பக்கத்திலேயே, இதற்கு மேல் கிட்டே என்று ஒரு சிபாரிசு எல்லையை வைத்துக்கொள்ளட்டும். சென்சார் பார்த்ததை மட்டும் மறைக்காதீர்கள்." கூடவே வெள்ளை, பழுப்பு, நீலம், கறுப்பு என்று எல்லாத் தோலையும் அளந்து எண்களையும் போட்டாள்.

புதன் முழுக்கப் பதில் இல்லை. வியாழன் மதியம் வந்தது. "தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே இரண்டு நாளாகக் கடும் பனி. உங்கள் அளவுகளைப் பார்த்தேன். ஆனால் தோல் தொழிற்சாலை ஒரு விசேஷ இடம். விசேஷ இடத்துக்காகப் பொது வழியை மாற்ற முடியாது."

"நம்ம ஊரு விசேஷ இடமாம்!" என்று ஃபீபி மேசையைத் தட்டினாள். தண்ணீர் பாட்டில் உருண்டது. அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகைதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தன்சீல் சார் பழைய டிரைவரைப் பெட்டியில் ஏற்றுவார். நெல்வின் தொப்பி போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் நிற்பான். அவன் நிற்காவிட்டால் இன்னொருத்தி புருஷன் நிற்பான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயிலை மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடும் பனி என்கிற இடத்தில் அப்படியே நின்றாள்.

"அம்பரீன், உங்க அப்பா தோல் அனுப்புறாரே, கிளவுஸுக்கு. இன்னா கலர் ஜாஸ்தி போவுது?"

"கறுப்புதான். அந்தக் குளிர் ஊர்க்காரனுங்க வேற எத கேப்பானுங்க? ஏன்டீ?"

அதற்குள் ஃபீபியின் விரல்கள் கீபோர்டில் இறங்கிவிட்டன. எழுதியது மூன்றே வரி. "உங்களிடம் அதே சிப் பொருத்திய போர்டு இருக்கிறது என்று சொன்னீர்கள். இன்று அலுவலகம் வரும்போது கையுறை போட்டு வந்திருப்பீர்கள். தோல் கையுறை, அதிலும் கறுப்பு என்றால், அதை மாட்டிக்கொண்டு அந்தப் போர்டுக்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள்."

டீ வந்தது, ஆறியது. அம்பரீன் தன் வேலையை விட்டுவிட்டு இவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்சீல் அகமது அஸர் தொழுகை முடித்து வந்து பின்னால் நின்றார்.

மெயில் வந்தது.

"விளக்கு எரியவில்லை. போர்டைக் கையுறையால் தொடுகிற அளவுக்குக் கொண்டுபோனேன், அப்போதும் எரியவில்லை. கையுறையைக் கழற்றினால் எரிகிறது. பக்கத்து அறைக்காரரின் கறுப்புக் கையுறையிலும் இதே கதை. இந்த ஊரில் ஆறு மாதம் எல்லாரும் இதைத்தான் மாட்டிக்கொண்டு ஃபோன் பேசுகிறோம். விசேஷ இடம் என்று நான் சொன்னது தவறு, திரும்பப் பெறுகிறேன். சென்சார் எண்ணைத் தருமானால் டிரைவரும் எண்ணைத்தான் தர வேண்டும். கிட்டே எது என்பதைப் பயன்படுத்துகிறவர் முடிவு செய்யட்டும், உங்கள் சிபாரிசு எல்லை பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் புது டிரைவரை நாளை சேர்க்கிறேன். ஒரு வேண்டுகோள். உங்கள் சிப்புக்கு மட்டுமல்ல, இனி வரும் இந்த வகை எளிய சென்சார் எல்லாவற்றுக்கும் இதுவே வழி என்று வழிகாட்டிப் பக்கத்தில் எழுத வேண்டும். அதை நீங்களே எழுதித் தாருங்கள்."

அம்பரீன் போட்ட கூச்சலில் கீழே டயர் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து, இன்னா ஆச்சு, யாருக்காவது அடியா என்று கேட்டார். "அடிதான் பாய், சரியான அடி!" என்றார் தன்சீல் அகமது. முந்தாநாள்வரை தலையில் கைவைத்துக்கொண்டிருந்த மனிதர், நான் அப்பவே சொன்னேன் என்று கூசாமல் சொல்லிக்கொண்டார். இந்த முறை பேடா இரண்டு பெட்டி. ஃபோன் கம்பெனி ஆளும் மறுபடி "ஆமோதிக்கிறேன்" என்று எழுதியிருந்தார். ஃபீபி அதைப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

*

அடுத்த வாரம் ஃபேக்டரியில் புதுப் பெட்டி. கறுப்பு லாட்டை வைத்துக்கொண்டே பெருமாள் காத்திருந்தார். வெறும் தோலை விரித்து ஒருமுறை அளந்துகொண்டார்கள். காலை முழுக்க, கறுப்புத் தோல் சுற்றிய கட்டையை ஃபீபி உள்ளே விட்டு விட்டுப் பட்டனை அமுக்கினாள். ஒருமுறை கூட பிரஸ் இறங்கவில்லை. கட்டையை எடுத்தால் ஒழுங்காக இறங்கி வெட்டியது.

"போதும்மா" என்றார் பெருமாள்.

"போதாது" என்றான் நெல்வின். "எங்காளுங்க கட்டைய நம்ப மாட்டானுங்க. கையப் பாத்தாத்தான் நம்புவானுங்க. நம்பலன்னா டேப்ப ஒட்டிடுவானுங்க." சொல்லிக்கொண்டே ஐந்து விரலிலும் தொப்பியை மாட்டி, கையைப் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்தான். கட்டிங் செக்ஷன் முழுக்கச் சுற்றி நின்றது. "ஃபீபி, நீ அமுத்து."

செய்யக்கூடாத காரியம்தான். பெருமாள் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மெயிலில் உலகத்தோடு மல்லுக்கட்டியது ஒன்றுமே இல்லை என்று ஃபீபிக்குத் தோன்றியது. ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது, எங்கேயாவது ஒரு வரி தப்பாக இருந்தால் என்கிற பயம். விளக்கைப் பார்த்தாள். சிவப்பு. அவன் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்புகிற மாதிரி சாதாரணமாக நின்றான்.

இரண்டு பட்டனிலும் கையை வைத்தாள். கண்ணை மூடக் கூடாது என்று வைராக்கியமாகத் திறந்தே வைத்திருந்தாள். பலங்கொண்ட மட்டும் அமுக்கினாள்.

மிஷினில் சத்தமே இல்லை.

"இன்னா யோசிக்கற? அமுத்தும்மா" என்றான் நெல்வின்.

"அமுத்திட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ஃபீபி.